ஒரு முழம்

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலை டுவைட் கெஸ்லர் கண் விழித்தபோதும், முந்தின மாலை மண்வெட்டி எழுப்பிய சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

ணங்.

இரண்டு வசந்தங்களுக்கு முன் மஸ்கிங்கம் ஆறு கரையேறி வந்து, கார்வர்ஸ் பெண்ட் ஊரின் சிறுவர் பேஸ்பால் மைதானத்தை வாரிக்கொண்டு போனது. தடுப்பு வலை, மர இருக்கைகள், ஸ்கோர் பலகை என்று ஒன்றையும் விடவில்லை. விட்டுப்போனது இடுப்பளவு வண்டல் மட்டும்தான். அன்றிலிருந்து டுவைட்டின் அக்கா லோர்னாவுக்கு வேறு நினைப்பில்லை. தெருத் தெருவாக அலைந்து ஆள் சேர்த்தாள். அது அவர்களுடைய அப்பா ஓர்வில் கெஸ்லர் போட்ட மைதானம். செங்கல் சூளையை ஒட்டிக் கிடந்த குப்பை நிலத்தை அவரும் சூளை ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் சமப்படுத்தி, உடைந்த செங்கல்லைப் பொடித்துக் கொட்டி உருவாக்கியது. அந்த மாவட்டத்தில் வேறெந்த மைதானத்து மண்ணும் அவ்வளவு சிவப்பில்லை.

நேற்று எல்லாரும் கிளம்பும் நேரத்தில், டுவைட்டின் மண்வெட்டி வண்டலுக்கடியில் எதிலோ இடித்தது. சுரண்டிப் பார்த்தால் அப்பா போட்ட கான்கிரீட் கட்டை. பந்து எறிகிற பையன் கால் ஊன்றி நிற்கும் ரப்பர் பலகை அதன்மேல்தான் முடுக்கப்பட்டிருந்தது. ஆற்றால் அதை மட்டும் அசைக்க முடியவில்லை.

லோர்னா அதன்மேல் கை வைத்து அழுதுவிட்டாள்.

"இதே இடம்தான். ஒரு அங்குலம் நகரக் கூடாது. அப்பா போட்டது போட்டபடி இருக்கணும்."

டுவைட் அழவில்லை. அவன் அந்தக் கட்டையைக் கையால் தொடக்கூட இல்லை. அறுபதைத் தொட்டுவிட்ட அவனுக்கு, பன்னிரண்டு வயதில் அதன்மேல் நின்ற கால்கள் இன்னும் இருந்தன.

சமையலறையில் இழுப்பறைகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மகள் டெஸ். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள், ஆனால் எதைத் தேடுவதானாலும் அப்பா வீட்டு இழுப்பறைக்குத்தான் வருவாள்.

"அப்பா, நீளமான டேப் எங்க?"

"எதுக்கு?"

"அளக்கத்தான். பின்ன பல்லு குத்தவா?"

"உங்க அத்தைதான் நேத்தே சொல்லிட்டாளே. கட்டை இருக்கற இடத்துலயே பலகையை முடுக்கணுமாம்."

"அத்தை சொல்வாங்க. நாளைக்கு அந்தப் பசங்களுக்கு எறியக் கத்துக்குடுக்கப் போறது நான். அளக்காம எப்படிப்பா? அந்த மைதானத்துல யாராவது எப்பவாவது அளந்திருக்காங்களா?"

"பசங்க ஓடித் தொடற தளங்களை வருஷா வருஷம் பிடுங்கி நடுவாங்க, அப்ப அளப்பாங்க. பலகை கான்கிரீட்ல இருந்துது. அதை எதுக்கு அளக்கணும்?"

"அப்ப ஒருத்தரும் அளக்கல."

"உங்க அத்தை அளந்தா," என்றான் டுவைட். டெஸ் சிரித்துவிட்டாள்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்டத்தன்று லோர்னா மைக்கைப் பிடித்துச் சொல்வாள்: "எனக்கு அப்போ ஒன்பது வயசு. எங்கப்பா இந்த மைதானத்தை அளந்தப்போ டேப் நுனியைப் பிடிச்சது நான்தான்." எல்லாரும் கைதட்டுவார்கள். அவள் கணவன் இறந்த வருஷம்கூடச் சொன்னாள், குரல் நடுங்காமல்.

டேப் கார் ஷெட்டில் இருந்தது. டுவைட் எடுத்துக் கொடுத்தான்.

மைதானத்தில் லோர்னாவைக் காணோம். பெயர்ப்பலகை எழுதுபவரைப் பார்க்கப் போயிருந்தாள். அடுத்த சனிக்கிழமை திறப்பு விழா, 'ஓர்வில் கெஸ்லர் மைதானம்' என்று நீல எழுத்தில் பலகை.

வெர்ன் தன் டிராக்டரின் படியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தான். வகுப்பில் டுவைட்டுக்கு அடுத்த பெஞ்சு, ஆட்டத்தில் டுவைட்டின் கேட்ச்சர். அவன் எறிவதையெல்லாம் மட்டைக்காரன் நிற்கும் தட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிடித்தவன். இப்போது குந்தினால் எழுப்புவதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

"வாடா நாலாவது! என்ன இது, பொண்ணு டேப்பும் கையுமா வர்றா? கோட்டு தைக்கப் போறாளா உனக்கு?"

"உங்களுக்குத்தான் மாமா. துணி பத்துமான்னு பாக்கணும்," என்றாள் டெஸ்.

நாலாவது. ஊரில் டுவைட்டின் பெயர் அதுதான். வெளியூர்க்காரர்கள் சிலர் அவனுக்கு மூன்று அண்ணன்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

விஷயம் அதுவல்ல. கார்வர்ஸ் பெண்ட் பையன்கள் மாவட்ட இறுதி ஆட்டம் வரை போனது ஒரே ஒரு கோடையில்தான். ஆட்டம் நியூபரியில். சமநிலை, கடைசிச் சுற்று, மூன்று தளங்களிலும் எதிரணிப் பையன்கள். மட்டையோடு நின்றவனை மட்டும் வெளியேற்றிவிட்டால் போதும். டுவைட் எறிந்தான். கொஞ்சம் மேலே போயிற்று. மறுபடி எறிந்தான், கொஞ்சம் மேலே. மட்டைக்காரன் மட்டையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. தவறான பந்து நான்கு ஆனால் அவனுக்கு முதல் தளம் சும்மா கிடைத்துவிடும். நான்காவதும் கொஞ்சம் மேலே போனது. அவன் முதல் தளத்துக்கு நடந்தான், மற்றவர்கள் ஆளுக்கொரு தளம் நகர, மூன்றாம் தளத்தில் இருந்தவன் நடந்து வந்து தட்டை மிதித்து ஜெயிக்கிற ஓட்டத்தை எடுத்தான். அவன் ஓடக்கூட இல்லை. கோப்பை நியூபரிக்கு நடந்தே போனது.

திரும்பி வரும்போது டிரக்கில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து என்ஜினை அணைத்தார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"கையில குறையில்லடா. நெஞ்சுல உரமில்லை."

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார். அப்புறம் அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் சாகும்வரை பேசவில்லை.

பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பேசாததால் அந்த வாக்கியம் அப்படியே தங்கிவிட்டது. பிற்பாடு ஏதாவது ஒரு பெரிய வாய்ப்பு வந்து கதவைத் தட்டும்போதெல்லாம், அதுதான் டுவைட்டுக்கு முன்னால் எழுந்து போய்த் திறந்தது. உரமில்லை என்று சொல்லித் திருப்பியனுப்பியது. சூளையில் மேற்பார்வை வேலை வந்தபோதும் அப்படித்தான். கொலம்பஸ் நகரத்து வேலைக்குக் கூப்பிட்டபோதும் அப்படித்தான்.

"டேப் நுனியைப் பிடிங்க மாமா," என்றாள் டெஸ்.

தட்டை வெள்ளம் கொண்டுபோயிருந்தாலும், அப்பா அதற்கு அடியில் பரப்பிய செங்கல் படுக்கை அப்படியே இருந்தது. அதே ஐங்கோணம். தட்டையான பக்கம் எறிபவனைப் பார்க்கும், கூரான முனை கேட்ச்சரைப் பார்க்கும். வெர்ன் முனகிக்கொண்டே மண்டியிட்டு, டேப்பை முனையில் அழுத்தினான். எந்த மைதானத்திலும் எல்லா அளவும் அந்த முனையிலிருந்துதான் தொடங்கும்.

டெஸ் டேப்பை இழுத்துக்கொண்டு கட்டைக்குப் போனாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"மாமா, நுனியைச் சரியாப் பிடிச்சிருக்கீங்களா?"

"என் மூக்கை வேணா பிடிக்கட்டுமா? சரியாத்தான் இருக்கு."

"நாப்பத்தாறு அடிதானே இருக்கணும்?"

"பன்னண்டு வயசுப் பசங்களுக்கு நாப்பத்தாறுதான். உலகம் பூரா."

"இங்க அதிகமா இருக்கு."

டுவைட் நடந்து போய்ப் பார்த்தான். டேப்பில் நாற்பத்தாறு என்ற எண் கட்டைக்கு முன்னாலேயே, வெறும் மண்மேல் கிடந்தது. அவன் முழங்கையை மண்ணில் ஊன்றி அந்த எண்ணிலிருந்து கையை நீட்டினான். விரல் நுனி கட்டையின் விளிம்பைத் தொட்டது.

ஒரு முழம்.

அவன் எழுந்திருக்கவில்லை. கை அங்கேயே கிடந்தது.

"வெர்ன்," என்றான், திரும்பாமல். "டேப்பைத் தட்டோட முன் விளிம்புக்குக் கொண்டு வா."

வெர்ன் நகர்த்தினான். டேப் தளர்ந்தது, டெஸ் இழுத்துப் பிடித்தாள். நாற்பத்தாறு என்ற எண் கட்டையின் விளிம்பில் கச்சிதமாய் வந்து நின்றது.

அப்பாவுக்கு பேஸ்பால் தெரியாது. அவருக்குத் தெரிந்தது செங்கல். சுவரோ சூளையோ படியோ, செங்கல்காரன் எதையும் முகத்திலிருந்துதான் அளப்பான். தட்டுக்கு எது முகம்? எறிபவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தட்டையான பக்கம். அங்கே வைத்து அளந்திருக்கிறார். ஒரு நூல்கூடப் பிசகாமல், தப்பான இடத்திலிருந்து.

 ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.

"ஆத்துக் காத்து பந்தைக் கீழ இழுக்குதுன்னு சொல்வோமே," என்றான் வெர்ன் மெதுவாக. "வெளியூர்ப் பசங்க இங்க வந்து எறிஞ்சா எல்லாப் பந்தும் தாழ்ந்து தாழ்ந்து விழும். நாம சிரிப்போம். ஆறு நம்ம கட்சிடான்னு."

"உம்."

"நம்ம பசங்க வெளிய போனா..."

"இந்தத் தூரத்துக்குப் பழகின கை," என்றாள் டெஸ். "அங்க தட்டு கிட்ட வந்துடும். அதே மாதிரி எறிஞ்சா பந்து இறங்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடும். மேலதான் போகும்."

கொஞ்சம் மேலே. கொஞ்சம்தான்.

வெர்ன் வாயிலிருந்த விதையைத் துப்பவில்லை, மெல்லவுமில்லை. நியூபரியில் அந்த நான்கு பந்தையும் பிடித்தவன் அவன். ஒவ்வொன்றுக்கும் கையுறையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது அவனுக்குத்தான் தெரியும். 'நாலாவது' என்று பெயர் வைத்தவனும் அவன்தான், மறுநாளே, ஐஸ்கிரீம் கடை வாசலில்.

"டுவைட்," என்றான்.

அந்தப் பெயர் அவன் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

"பழையபடியே கூப்பிடுடா," என்றான் டுவைட். "வேற பேர் சொன்னா எனக்குத் திரும்பிப் பாக்கவே வரல."

வெர்ன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. டிராக்டர் பக்கம் போய், சரியாக இருந்த சங்கிலியை அவிழ்த்து மறுபடி மாட்டினான்.

லோர்னா வரும்போது மதியம். ஒரு கையில் டோனட் பெட்டி, மறு கையில் பெயர்ப்பலகையின் மாதிரிப் படம்.

"பாத்தீங்களா நீலத்தை? அப்பா சட்டை நீலம்! என்ன, எல்லாரும் சாவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க? பலகையை முடுக்கலையா இன்னும்?"

டெஸ் அப்பாவைப் பார்த்தாள். வெர்ன் டோனட்டைப் பார்த்தான்.

டுவைட்டுக்குத் தெரியும், இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும். மூடிக்கொள்வதில் அவனுக்கு நல்ல பயிற்சி உண்டு. அடுத்த சனிக்கிழமை லோர்னா மைக்கைப் பிடித்து, டேப் நுனி பிடித்த கதையைச் சொல்வாள். ஊர் கைதட்டும். டெஸ்ஸின் பையன்கள் அந்தக் கட்டைமேல் நின்று எறியப் பழகுவார்கள். ஒருநாள் அவர்களில் எவனாவது நியூபரிக்குப் போவான்.

"அக்கா, கட்டை தள்ளி இருக்கு. நகர்த்தணும்."

"என்னது?"

"பலகை இருக்கவேண்டிய இடம் அது இல்லை. தள்ளிப் போட்டிருக்கு."

லோர்னாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. டோனட் பெட்டியை டிராக்டர் மேல் வைத்தாள்.

"நேத்து என்ன சொன்னேன்? ஒரு அங்குலம் நகரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? முன் விளிம்புலேர்ந்து அளந்துட்டார், அதுக்கு இப்போ என்ன? இத்தனை வருஷம் பசங்க ஆடலையா? ஜெயிக்கலையா?"

"இங்க ஜெயிச்சாங்க."

"ஓ. அதுதானா? கடைசில உனக்கு ஒரு சாக்கு கிடைச்சுதா? செத்துப் போன மனுஷன் மேல போட்டுடலாம்னு!"

"அத்தை!" என்றாள் டெஸ்.

"நீ சும்மா இரு டெஸ்."

டுவைட்டுக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவனும் காத்திருந்தான். வரவில்லை. அதற்குப் பதில், மண்ணில் கிடந்த தன் கை நினைவு வந்தது.

"நான் யாருக்கும் எதுவும் சொல்லப் போறதில்லைக்கா. பேர்ப்பலகையில அப்பா பேர் இருக்கட்டும், இருக்கணும். நீ உன் கதையைச் சொல்லு. கட்டையை மட்டும் எடுத்துடறேன்."

"கட்டையை எடுத்தா சொன்ன மாதிரிதானேடா? ஏன் எடுத்தேன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா, வெள்ளத்துல நகந்துடுச்சுன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"உன் இஷ்டம். ஆனா இது இங்க இருந்தா, டெஸ் கிட்ட கத்துக்கற ஒரு பையனும் வெளியூர்ல நேரா எறிய மாட்டான். அவனுக்கும் ஒரு பேர் வைப்பாங்க. நம்ம வெர்ன் இருக்கான்ல, நல்லா வைப்பான்."

வெர்ன் தலையைக் குனிந்துகொண்டான்.

லோர்னா ஆற்றைப் பார்த்து நின்றாள். அது இப்போது ஒன்றும் அறியாதது போல், பழுப்பாக, மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ, அவ்வளவு நேரமும் டுவைட் நின்றான். கெஸ்லர் குடும்பத்தில் இப்படி நிற்பது புதிதில்லை. அவர்கள் வீட்டில் பாதிச் சண்டைகள் யாரும் வாய் திறக்காமலே நடந்து முடியும்.

பிறகு அவள் செங்கல் படுக்கைக்கு நடந்து போனாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மண்ணில் கிடந்த டேப் நுனியை எடுத்தாள். அவள் கை யோசிக்காமல் முன் விளிம்புக்குப் போய் அங்கே அழுத்தியது, ஒன்பது வயதில் அழுத்திய அதே இடத்தில்.

அவளே அதைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் டேப்பை மெதுவாக, செங்கல்லின் மேலாகவே இழுத்து, பின் முனையில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள்.

"இழுடா," என்றாள்.

டுவைட் இழுத்தான். நாற்பத்தாறு அடியில் ஒரு முளையை அடித்தான். சிவப்பு மண்ணில் அது சுலபமாக இறங்கியது.

கட்டைதான் சுலபமாக வரவில்லை. வெர்ன் சுற்றிலும் தோண்டிச் சங்கிலியைப் போட்டு டிராக்டரை முடுக்கினான். சக்கரம் சுழன்றது, புகை வந்தது. ஓர்வில் கெஸ்லர் போட்ட கான்கிரீட், கூப்பிட்டவுடன் எழுந்து வரக்கூடியதா? நாலைந்து தடவை இழுத்தபின் மண் பிளந்தது. கட்டை பல்லைப் பிடுங்கினது போல் வெளியே வந்து, பக்கவாட்டில் புரண்டது.

"இங்க பாருடா!" என்றான் வெர்ன், இறங்கி வந்து. "யாரு இதை உடைக்கப் பார்த்தது?"

தட்டைப் பார்த்து நின்ற பக்கம், இதுவரை மண்ணுக்குள் இருந்த பகுதி. அதில் உளி பட்ட வெட்டுகள். ஒன்றிரண்டல்ல, ஆழமாக, கோபமாக, வரிசை தப்பி விழுந்த வெட்டுகள். ஒரு மூலை பெயர்ந்தே போயிருந்தது. பெயர்ந்த இடத்தில் வேறு நிறத்துச் சிமெண்டால் பூசி மூடியிருந்தது.

"வெள்ளம் இப்படிச் செய்யாது," என்றாள் டெஸ்.

டுவைட் குனிந்தான். பூச்சின் ஓரம் நெடுக ஒரு கோடு. ஈரச் சிமெண்டில் கட்டை விரலால் இழுத்துவிட்ட கோடு. அப்பா எந்தப் பூச்சையும் அப்படித்தான் முடிப்பார். வீட்டுப் படியிலும் உண்டு, தோட்டத்துச் சுவரிலும் உண்டு.

அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதோ ஒருநாள் அளந்திருக்கிறார், உளியை எடுத்திருக்கிறார், அடித்திருக்கிறார். அப்புறம் நிறுத்திவிட்டு, மூடிவிட்டு, பிள்ளையோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார்.

 டுவைட் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

லோர்னா கட்டையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது ஆச்சரியம் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கட்டை தள்ளி இருக்கிறது என்று மட்டும்தான் மதியம் அவன் சொன்னான். முன் விளிம்பு என்று சொல்லவே இல்லை. அதை அவளாகச் சொன்னாள்.

"எப்பலேர்ந்துக்கா தெரியும் உனக்கு?"

 லோர்னா அவன் அருகில் வந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். கையுறையைக் கழற்றினாள். பூச்சின் ஓரத்துக் கோட்டில் தன் கட்டை விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக ஓட்டினாள்.

அப்பாவின் கட்டை விரல் இந்தக் கோட்டைப்போல இரண்டு மடங்கு அகலம்.

அவள் விரல் அந்தக் கோட்டில் கச்சிதமாகப் பொருந்தியது.